பிளாஸ்திரி அக்கா

"எடை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் வாங்குவார். புத்தகத்தின் எடையை அல்ல, பிள்ளையின் எடையை. பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்பவர். பிள்ளைக்கு எதைக் கொடுப்பதானாலும் வயதும் எடையும் தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பது அவர் நாக்கிலேயே ஊறிப்போய்விட்டது. வேடிக்கை அதில் இல்லை. கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எந்த அப்பாவும் எந்த அம்மாவும் ஒரு தடவைகூட, "கதைப் புத்தகத்துக்கு எடை எதுக்குங்க?" என்று கேட்டதில்லை. "முப்பத்திரண்டு கிலோங்க. போன மாசம் காய்ச்சல்ல ரெண்டு குறைஞ்சிடுச்சு" என்று பொறுப்பாகப் பதில் சொல்கிறார்கள்.

கடை ஒரு பல் மருத்துவமனைக்குக் கீழே இருக்கிறது. எதிரே பள்ளிப் பேருந்து நிற்கும் இடம். வெள்ளை மேலங்கியின் பையில் இரண்டு பேனா. அவற்றில் ஒன்று என்றோ கசிந்து, இதயத்துக்கு மேலே நீலமாக ஒரு தீவை உண்டாக்கியிருக்கிறது. வலது காதின் மேல் ஒரு பென்சில். மருந்துச் சீட்டைப் படிக்கும்போது மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். கதைப் புத்தகத்தைப் படிக்கும்போது இறக்கிக்கொண்டு அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்ப்பார். வீட்டு வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை அது. நான் மாதம் ஒருமுறை இரத்த அழுத்த மாத்திரைக்காகப் போகிறவன். சீட்டைக் கொடுத்துவிட்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால், என் முறை வருவதற்குள் இரண்டு இருமல், ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு சிறுவர் நாவல் என்று வரிசை நகரும்.

இது எட்டு வருடத்துக்கு முன்பு தொடங்கியது. பூச்சி மருந்து வாங்க வந்த ஓர் அம்மாவின் பையிலிருந்து பிள்ளையின் கதைப் புத்தகம் எட்டிப் பார்த்தது. "எதைப் படிக்குதுன்னே தெரியல. ரெண்டு நாளா ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுப் படிக்குது. நீங்க படிச்சவங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டினார். இவர் அதை வாங்கிப் புரட்டி, நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "இது பத்து வயசுக்கு மேல" என்றார். என்ன அடிப்படையில் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மனிதர்களுக்கு வேண்டியது அந்தக் குரல்தான். மறுநாள் மூன்று அம்மாக்கள் வந்தார்கள். அடுத்த வாரம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், "புத்தகம் வாங்கினால் மருந்துக்கடை அக்காவிடம் காட்டிவிட்டுக் கொடுக்கவும்" என்ற செய்தி, கைகூப்பும் படத்தோடு சுற்றியது. அந்தக் குழுவில் நூற்று எண்பது பேர். அத்தனை பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

பெற்றோருக்கு அவர் ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தார் என்பதை மறுப்பதற்கில்லை. பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே புத்தகத்தைத் தானும் படிப்பது. அதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது மேல் என்று நினைப்பவர்களுக்கு, மாடிப்படியின் கீழேயே ஒருவர் கிடைத்துவிட்டார். "படிச்சுப் பாக்க நேரமே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே, அவர் புரட்டி முடிக்கும்வரை அரைமணி நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நிற்கும் அப்பாக்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவருடைய முறை ஒழுங்கானது. நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். காலாவதியாகப்போகும் மருந்துகளைக் குறிக்கும் நோட்டின் பின்பக்கம் அது. அதில் கட்டங்கள்: சாவு, அடி, பொய், முத்தம், பேய், பெரியவர்களை எதிர்த்துப் பேசுதல். ஒவ்வொன்றுக்கும் வயது உண்டு. பொய் ஒன்று என்றால் எட்டு வயது, மூன்றுக்கு மேல் போனால் பத்து. முத்தம் கன்னத்தில் என்றால் ஒன்பது, வேறு எங்கே என்றாலும் பதினாறு. எதிர்த்துப் பேசுதலுக்குப் பன்னிரண்டு, பேசியது நியாயமாக இருந்தால் பதின்மூன்று, "ஏன்னா அப்பத்தான் பிள்ளைங்க பிடிச்சுக்கும்." சாவுக்குத் தனி வரிசையே இருக்கிறது. நாய் செத்தால் பத்து. தாத்தா என்றால் பதினொன்று. அம்மா, அப்பா என்றால் பதினைந்து. கெட்டவன் செத்தால் கணக்கில் இல்லை.

பேய்க்குப் பதினொன்று. கடைசியில் அது பேயே இல்லை, கொடியில் ஆடிய போர்வைதான் என்று தெரியவரும் கதைகள் உண்டல்லவா, அவற்றுக்கு என்ன வயது என்று ஒருமுறை கேட்டேன். "கடைசிக்கு நான் போறதில்ல சார்" என்றார். கேட்டதில் ஏதோ பிழை இருப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் விளங்கியது. எந்தப் பக்கத்தில் சிக்கல் வருகிறதோ அந்தப் பக்கத்தோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். வயது தெரிந்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது. "ஊசி மருந்துப் புட்டியில தூசி மிதந்தா, மீதி மருந்து எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டா இருப்பாங்க?" என்பார். புட்டிக்கு அது நல்ல வாதம்.

நிறுத்தியபின் செய்வதுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சிக்கல் வந்த பக்கத்திலிருந்து கடைசி அட்டைவரை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை உருளையிலிருந்து சர்ரென்று இழுத்து, ஓரங்களில் மூன்று இடத்தில் ஒட்டிவிடுவார். முன்பகுதியைப் படிக்கலாம், பின்பகுதிக்கு வயது வரவேண்டும். மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகித உறை ஒன்றில் அந்த வயதை எழுதி, முன் அட்டையில் ஒட்டுவார். அந்த உறையில் "காலை, மதியம், இரவு" என்று அச்சடித்திருக்கும். பேய்க் கதை என்றால் "இரவு" என்பதை மட்டும் அடித்துவிடுவார். "சாப்பாட்டுக்குப் பின்" என்பதை அடிக்க மாட்டார். அதனால் எந்த வீட்டிலும் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை.

பெற்றோருக்கு அவர் மருந்துக்கடை அக்கா. பிள்ளைகளுக்குப் பிளாஸ்திரி அக்கா. "ஏய், உன்னோடது எத்தனாவது பக்கத்துல கட்டுப் போட்டிருக்கு?" என்பது பேருந்து நிற்கும் இடத்தில் சாதாரணமான விசாரிப்பு. திருட்டுத்தனமாகப் பிய்க்கவும் வழி இல்லை. பிய்த்தால் அட்டையின் வண்ணமும் சேர்ந்து உரிந்து வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்தத் தெருவில் வளர்கிற ஒரு பிள்ளைக்கும் ஒரு கதையும் எப்படி முடிகிறது என்று தெரியாது. தொடக்கம் ஆயிரம் தெரியும்.

முடிவை அவர்களே செய்துகொள்கிறார்கள். ஒரு நாள் பேருந்து தாமதமானபோது காதில் விழுந்தது. முயல் ஒன்று பக்கத்து வீட்டு முயலிடம் தன் காரட்டைக் காணவில்லை என்று பொய் சொல்கிறது. நான்காவது பொய்யில் பிளாஸ்திரி. அதற்கு மேல் என்ன என்று எட்டு வயதுக்காரி ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்புறம் அந்த முயல் இந்த முயலோட தலைய வெட்டிக் காரட் பானையில போட்டுடுச்சு. இல்லைன்னா எதுக்குடி ஒட்டப் போறாங்க?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவளுடைய தர்க்கத்தில் எனக்கும் குறை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். இரண்டு முயலும் காரட்டைப் பாதியாக உடைத்துத் தின்றுவிட்டுத் தூங்கிப்போகின்றன.

முறை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பெரியது சிறியது தெரிவதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் படத்துடன் கூடிய எழுத்துப் புத்தகம் ஒன்று வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, "வ" வரும்வரை. அங்கே வாள் படம். பிளாஸ்திரி விழுந்தது. அந்தக் குழந்தைக்கு மொழி "ல"வோடு முடிந்துவிட்டது. தவளையைப் பற்றிய அறிவியல் புத்தகம் முட்டையோடு நின்றது. அதைப் படித்த பையன் தவளை எப்போது வந்து சேரும் என்று இன்னும் காத்திருக்கிறானாம். ஆனால் வரலாற்றுப் பாடப் புத்தகத்தை ஓர் அப்பா கொண்டுவந்து, "இதுலயும் சண்டையும் சாவுமாத்தான் இருக்கு, ஒரே பாடத்துல நாப்பதாயிரம் பேர் செத்துப்போறாங்க" என்று காட்டியபோது, நம்மவர் அதைத் தொடக்கூட இல்லை. "பாடப் புத்தகத்துக்கெல்லாம் ஏற்கெனவே மேலிடத்துல வயசு போட்டுட்டாங்க" என்று திருப்பித் தள்ளினார். "தவிர, அது மார்க்குக்கு."

அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, மருந்து அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். கதைப் புத்தகம் பக்கமே போவதில்லை. "என் பொண்ணுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சொன்ன பேச்சுக் கேட்பா" என்று அம்மாவுக்குப் பெருமை. அந்தப் பெண் படிப்பது மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதங்களை. அவற்றுக்கு யாரும் வயது போட்டதில்லை. குமட்டல், தோலில் தடிப்பு, மூச்சுத்திணறல், நினைவிழத்தல், அரிதாக மரணம். "அரிதாகன்னா பத்தாயிரத்துல ஒருத்தர் சார்" என்று ஒருநாள் என் மாத்திரையைச் சுட்டிக்காட்டி அவளாகவே சொன்னாள். பயமுறுத்துகிற குரலில் அல்ல, அக்கறையாகத்தான். இந்தக் காகிதங்களின் தனிச்சிறப்பு, அவற்றைக் கடைசி வரிவரை படிக்கலாம்.

பாராட்டச் சொன்னால் இரண்டு விஷயம் எனக்கு அகப்படுகிறது. இத்தனை வருடத்தில் அவர் கை ஒரு தவறான மருந்தையும் எடுத்துக் கொடுத்ததில்லை. இரண்டாவது, புத்தக வேலைக்காக அவர் யாரிடமும் ஒரு தம்ளர் தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாது என்று மனதார நினைக்கிறார். இதில் நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் பாதிப் புத்தகத்துக்காவது கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பார். ஆர்வம் தாளாமல் தவறு செய்கிற வாய்ப்புகூட இல்லாத நேர்மை அது.

அவர் வாயில் வராத ஒரு சொல் உண்டு: "தெரியாது." கடையில் இல்லாத மருந்தைக் கேட்டால், "நாளைக்கு வரும்." கேள்வியே படாத மருந்தைக் கேட்டாலும், "நாளைக்கு வரும்." மழை நிற்குமா என்று வாசலில் ஒதுங்கியவர் கேட்டதற்கு, "நாளைக்கு" என்றதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு லிப்ட் மெக்கானிக் வந்தார். சுற்றுவட்டாரத்து அடுக்குமாடிகளில் லிப்ட் நின்றுபோனால் ஓடிவருகிறவர் அவர்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகாத மனிதர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரே மகள், பதினொரு வயது. பழைய புத்தகக் கடையில் அவள் ஒரு புத்தகத்தைப் பிடித்தவள் விடவே இல்லையாம். வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம்.

"பின்னட்டையில ஒரு பொண்ணு, அவங்கம்மான்னு என்னமோ போட்டிருக்கு. படிச்சா அழுவாளோன்னு இருக்குங்க. இப்பத்தான் கொஞ்சம் அழாம இருக்கா."

"எடை?"

"இருபத்தொம்பது."

நம்மவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இடையில் இரண்டு சளி மருந்து, ஒரு வெந்நீர்ப் பை விற்றார். அரைமணி கழித்துக் காதிலிருந்த பென்சில் இறங்கியது. சர்ரென்று பிளாஸ்திரி. உறையில் "15" என்று கொட்டையாக எழுதி வட்டமிட்டார். மெக்கானிக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார், மருந்து வாங்குகிறவர்கள் வாங்குவதுபோல.

போன சனிக்கிழமை நண்பகலில் நான் பெஞ்சில் இருந்தபோது ஒரு சிறுமி தனியாக வந்தாள். பின்னலைப் பார்த்ததுமே மெக்கானிக் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. ஒற்றைப் பின்னல், இரும்புக் கம்பிவடத்தை முறுக்குகிறவர் கையால் அதே இறுக்கத்தில் முறுக்கியது. ஒரு முடிகூடப் பிரியவில்லை, ஆனால் முழுப் பின்னலும் இடது காதுப்பக்கம் சாய்ந்து நின்றது. அவளுக்கு முன்னால், மாடியில் பல் பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி நின்றார்.

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"சீட்டு எங்க?" என்றார் இவர், நிமிராமல்.

"மருந்து இல்லக்கா. புத்தகம்."

"அப்பா வரலையா? பிள்ளைங்ககிட்ட நான் புத்தகம் பேசுறதில்ல."

"அப்பா எட்டாவது மாடியில இருக்கார். லிப்ட் நின்னுடுச்சாம். உள்ள ஒரு மாமா மாட்டிக்கிட்டாராம்."

"பிளாஸ்திரிய எடுக்கச் சொல்லி வந்திருக்கியா? நடக்காது. உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"எடுக்க வேணாம். எடுக்க மாட்டேன்னு அப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்."

"அது நல்ல பிள்ளைக்கு அழகு. பிறகென்ன?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அறுபதாம் பக்கம் வரைக்கும் அஞ்சு தடவை படிச்சிட்டேன். அவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதோட நிக்குது." அவள் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அவங்க செத்துட்டாங்கதானே?"

இவர் நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

"இதுதான் சொல்லுது. நாய்க்குப் பத்து, தாத்தாவுக்குப் பதினொண்ணு, அம்மாவுக்குப் பதினஞ்சு. எங்க வகுப்புல எல்லாருக்கும் மனப்பாடம்."

கன்னத்தைப் பிடித்திருந்தவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வலியா என்று சொல்ல முடியவில்லை. மரத்துப்போன வாய்.

"அது எனக்குப் பரவால்லக்கா" என்றாள் அவள். வீட்டு எண்ணைச் சொல்கிற குரலில், "எங்கம்மாவும்தான் செத்துட்டாங்க" என்று சொன்னாள். "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னுதான் தெரியணும். மறுநாள் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போனாளா? தலை யார் பின்னிவிட்டா? பன்னெண்டாம் பக்கத்துல அவங்கம்மாதான் ரெட்டைப் பின்னல் போட்டுவிடுவாங்கன்னு எழுதியிருக்கு. அவளுக்கும் அப்பாதான் பின்னுனாரா, இல்ல அவளே கத்துக்கிட்டாளா?"

"அதெல்லாம் நீ பெரியவளானதும் நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்."

"அதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே. அதுவரைக்கும் தலை பின்னணுமில்ல."

இவர் மேசைமேல் கிடந்த பிளாஸ்திரி உருளையை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நீங்கதான் படிச்சிருக்கீங்களே, சும்மா சொல்லுங்கக்கா" என்று அவள் வழிகாட்டினாள். "அப்ப நான் படிச்சதா ஆகாது. கேட்டதாத்தான் ஆகும். சத்தியமும் உடையாது."

இவர் நோட்டைத் திருப்பிப் போட்டு, தாள்களைத் தள்ளி, அந்த வரியைக் கண்டுபிடித்தார். நான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விரல் நின்ற இடம் தெரிந்தது. பக்கம் 61. சாவு, தாய். 15. அந்த வரி அங்கே முடிந்து, கீழே வேறொரு புத்தகத்தின் பேய் தொடங்குகிறது. விரல் அந்த வரியின்மேல் முன்னும் பின்னும் போய்வந்தது. எட்டு வருடமாக, சாவு எத்தனையாவது பக்கத்தில் என்று கேட்டால் சொல்லுகிற நோட்டு அது. மறுநாள் காலையைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

"நாளைக்கா? இப்பவே சொல்லலாமே. நான் இங்கயே நிக்கறேன்."

"அதான் நாளைக்குன்னு சொல்றேன்ல? கடையில ஆளு நிக்கிறாங்க பாரு."

"நான் நிக்கறேங்க, பரவால்ல. பிள்ள கேக்குதில்ல, சொல்லுங்களேன்" என்றார் பல் பிடுங்கிக்கொண்டவர். பாதிச் சொற்கள் பஞ்சில் மாட்டிக்கொண்டன. "எனக்கும் தெரியணும் போல இருக்கு."

அப்போது அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவிலிருந்து, படித்துக்கொண்டிருந்த காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே மகள் சொன்னாள்:

"அம்மாவுக்குத் தெரியாது."

"நீ சும்மா இருடி."

"அறுபத்தொண்ணோட நிறுத்திட்டாங்க. எல்லாப் புத்தகத்தையும் அப்படித்தான். கட்டுப் போட்டதுக்கு அந்தப் பக்கம் அவங்க போனதே இல்ல."

எந்த வீட்டிலும் பிள்ளைகள் எதைப் படிக்கின்றன என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். பெரியவர்களைப் பிள்ளைகள் கடைசிவரை படித்து முடித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நம்மவரின் முகத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். எதை எப்படிப் பார்ப்பது என்று மூக்குக்கே குழப்பம். பல் பிடுங்கிக்கொண்டவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வீட்டில் ஒரு பையன், இரண்டு கட்டுப் போட்ட புத்தகங்கள் என்று பிறகு வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்.

மெக்கானிக்கின் மகளுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான். கண்ணாடி மேசையின்மேல் முகவாயை வைத்து, இவரைக் கீழிருந்து பார்த்து, "அப்ப உங்களுக்கும் தெரியாதாக்கா?" என்றாள்.

அந்த "உங்களுக்கும்" என்பதில் இவரை இழுத்துப் பேருந்து நிற்கும் இடத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்திவிட்டாள். அவளுக்கு அது தெரியாது.

இந்தமுறை இவர் "நாளைக்கு" என்று சொல்லவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பென்சில் இருக்கும் காதுக்குக் கை போயிற்று, பாதியில் திரும்பியது. கையை மேசைக்குக் கீழே நீட்டி, ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்துவைத்தார். வாசலில் புதிதாக வந்த ஒருவர், "தலைவலிக்கு ஏதாவது..." என்று தொடங்கினார், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்தார். ஆறாத புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்கும்போது செய்வதுபோல, இழுக்காமல், ஓரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாக்கி, நகத்தால் கிளப்பி, காகிதம் உரிந்துவிடாமல் இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அறுபத்தோராம் பக்கத்தின்மேல் குனிந்து மெல்ல ஊதினார்.